சீர்த்தட்டில் வந்த லேப்டாப்

முத்துமீனாவிடம் ஒரு குணம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். வாங்கியதை அப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் தூக்கிப்போட மாட்டாள். எதிர்வீட்டுக்காரி கொடுத்த ஓட்டை விழுந்த சல்லடை, நாத்தனார் கொடுத்த பிடி உடைந்த குக்கர், யாரோ கிரகப்பிரவேசத்தில் கொடுத்த ஓடாத கடிகாரம், எல்லாம் வில்லாபுரத்தில் அவளுடைய இரண்டு அறை வீட்டில் குடியிருக்கின்றன. "எடைக்குப் போட்டா பேரீச்சம்பழமாவது கிடைக்கும் மீனா" என்று வீட்டுக்காரன் சிவபாண்டி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். "கொடுத்தவங்க என்னைக்காச்சும் வந்து பார்த்தா மனசு சங்கடப்படும்ல?" என்று ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்துவிடுவாள். நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நல்ல குணத்தால் ஒரு புதன்கிழமை காலையில் ஒரு பெண்ணின் வேலையே போயிருக்கும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முத்துமீனா பிறந்தது திருவாதவூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அவர்கள் தெருவில் அன்றைக்கு ஒருவருக்கும் சொந்தமாகக் கைப்பிடி மண் கிடையாது. அண்ணன் அருண்பாண்டி பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனான். போன சூட்டோடு தங்கச்சியை மேலூரில் டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்துவிட்டான். "நீ பாட்டுக்குத் தட்டுத்தா, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான். அவளும் தட்டினாள். தமிழில் ஹையர் பரீட்சை வரைக்கும் பாஸ் பண்ணினாள். அந்த விரலை வைத்துத்தான் மதுரைக் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், லோடு ஆட்டோ ஓட்டும் சிவபாண்டியைக் கல்யாணம் முடித்தாள், பவதாரிணியைப் பெற்றாள். இன்றைக்கும் சாப்பிட உட்காரும்போது, "இது எங்கண்ணன் போட்ட சோறு" என்பாள். சிவபாண்டிக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

கடையில் தட்டிக்கொண்டிருந்தவளை வேறு ஒரு வேலை தேடி வந்தது. காது கேளாத பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கல்லூரி வகுப்பு ஒன்றில், வாத்தியார் பேசப் பேச அதை உடனுக்குடன் டைப் செய்ய ஆள் கேட்டார்கள். பிள்ளைகள் திரையில் அதைப் படித்துக்கொள்வார்கள். வேகமும் வேண்டும், பிழையும் இருக்கக் கூடாது. ஊரில் டைப்படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் வாத்தியார் மூச்சு விடாமல் பேசும்போது கூடவே ஓட எல்லாராலும் முடியவில்லை. முத்துமீனாவால் முடிந்தது. வாத்தியார் ஒரு நகைச்சுவை சொன்னால், கேட்கும் பிள்ளைகள் சிரிக்கிற அதே நேரத்தில் கேளாத பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை முதல் தடவை பார்த்த அன்று அவள் வீட்டுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். சிவபாண்டி பயந்துபோய் மாத்திரை வாங்க ஓடினான்.

லேப்டாப் வந்த கதை அதைவிடப் பெரிய கூத்து. பவதாரிணிக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் சீர் என்றால் நம் பக்கத்தில் சும்மாவா? மேளம் முன்னால் போக, பழத்தட்டு, வளையல் தட்டு, பட்டுப் பாவாடை, மாலை போட்ட கிடா என்று தெருவே அடைத்துக்கொண்டு வந்தது. அதற்கு நடுவில் அருண்பாண்டி தலையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் செவ்வந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்த லேப்டாப். "காது குத்துக்குக் கம்ப்யூட்டரா? தோடு எங்கய்யா?" என்று சிவபாண்டி பக்கத்துச் சனம் மூக்கில் விரல் வைத்தது. "தோடும் இருக்கு. இது புள்ளையப் பெத்தவளுக்கு. அவ வேலைக்கு வேணும்ல" என்றான் அருண்பாண்டி. முத்துமீனா அந்தக் கூட்டத்தில் அண்ணன் காலில் விழப்போய், அவன் தாம்பாளத்தோடு தடுமாறி, லேப்டாப் சீரோடு சீராகக் கீழே போகத் தெரிந்தது. நல்லவேளை, சிவபாண்டி பிடித்துவிட்டான்.

வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி வைரஸ் வராமல் காக்கும் ஆண்டிவைரஸ் ஒன்றையும் போட்டு வாங்கியிருந்தான் அருண்பாண்டி. "பூட்டு இல்லாமப் பொட்டி கொடுக்கலாமா?" என்பது அவன் நியாயம். திரையின் கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு சின்னப் படம் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து வந்தவன் முத்துமீனாவின் தம்பி மருது. செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. சீரில் அண்ணன் பேர் மட்டும் ஓங்கிவிட்டதே என்று அவனுக்கு உள்ளூர ஒரு குறை. ஒருநாள் பென் டிரைவோடு வந்தான். "அக்கா, இதுதான் இப்ப நம்பர் ஒண்ணு" என்று இன்னொரு ஆண்டிவைரஸைப் போட்டான். போடும்போது அந்த மென்பொருளே கேட்டதாம், ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துவிடட்டுமா என்று. எந்திரத்துக்கு இருந்த புத்தி இவர்களுக்கு இருந்ததா? "அண்ணன் போட்டதை நான் எடுக்கிறதா?" என்று பதறி, வேண்டாம் என்பதை அழுத்திவிட்டான் மருது. பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தது.

மூன்றாவது ஆள் பேச்சிமுத்து. சிவபாண்டியின் அக்காளைக் கட்டியவர். விளாங்குடியில் கண்காணிப்பு கேமரா மாட்டும் தொழில். பச்சையையும் சிவப்பையும் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாம் தங்கச்சி பொறந்த வீட்டு ஆளுகளே போட்டா எப்படி? எங்க பக்கத்துல இருந்தும் ஒண்ணு இருக்கணும்ல?" என்றார். அவருடையது நீலம். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டது மென்பொருள். சிவபாண்டியின் மச்சினன்மார் போட்டதில் கை வைத்தால் மரியாதையா? அவரும் வேண்டாம் என்றார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். மூன்று பேரில் யார் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீர்ச் செம்பு வாங்குவதற்கு முன் லேப்டாப் மூலையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். தன் நிறம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முகம் மலர்ந்து உட்காருவார்கள். முத்துமீனாவுக்கு அது பெருமையாக இருந்தது. "எனக்காக எம்புட்டுப் பேரு காவல் போட்ருக்காங்க பாரு" என்று மகளிடம் காட்டுவாள். லேப்டாப் வரவர மெதுவானதை அவள் கவனிக்காமல் இல்லை. வயசாகிறது, நமக்கும்தான் முட்டி வலிக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இப்போது தமிழ்வாணிக்கு வருவோம். அடுத்த தெருப் பெண். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது; அதற்கு முன்பே பேசக் கற்றிருந்ததால் நன்றாகப் பேசுவாள். பி.காம். படித்த மூன்று வருஷமும் அவள் வகுப்பில் டைப் செய்தது முத்துமீனாதான். அந்தப் பழக்கத்தில் முத்துமீனா பேசினால் உதட்டைப் பார்த்தே தமிழ்வாணி புரிந்துகொள்வாள். கணக்கில் புலி. ஆனால் வேலை? மூன்று கம்பெனிகள் வீடியோவில் இன்டர்வியூ வைத்தன. செல்போன் தானாக எழுதிக் காட்டும் வசதியை நம்பி உட்கார்ந்தாள். அது தமிழும் இங்கிலீசும் கலந்த பேச்சைக் கேட்டுப் பித்துப் பிடித்ததுபோல் எதையோ எழுதிற்று. அவர்கள் ஒன்று கேட்க, இவள் ஒன்று சொன்னாள். குறை அவளுக்குக் காதில்தான்; புத்தியில் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மூன்று கம்பெனியிலிருந்தும் பதிலே வரவில்லை.

நாலாவதாக வந்தது கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவு. புதன்கிழமை காலை பதினோரு மணி. கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், நடுவில் ஒரு கணக்கைத் திரையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வோம் என்று எழுதியிருந்தார்கள். கூட ஒருவர் டைப் செய்துகொடுக்க அனுமதி கேட்டாள் தமிழ்வாணி, தாராளமாக என்றார்கள். "இதுவும் போச்சுன்னா நான் இனிமே எங்கயும் கேக்க மாட்டேங்க்கா. அம்மா கூட சித்தாள் வேலைக்குப் போயிருவேன்" என்றாள் அவள், சாதாரணமாக.

புதன்கிழமை ஒன்பது மணிக்கே தமிழ்வாணி வந்துவிட்டாள். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு. சிவபாண்டி செல்போனோடு அடுப்படிக்குள் போய், கம்பெனி முதலாளியாக வேஷம் கட்டினான். லேப்டாப்பில் பாதித் திரையில் அவன் முகம், மறுபாதியில் முத்துமீனா டைப் செய்யும் எழுத்து.

"ஒங்க வீட்டுல எத்தனை பேரும்மா?" என்றான் முதலாளி.

முத்துமீனா டைப் செய்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. தமிழ்வாணி வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவபாண்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, எங்க கம்பெனிக்கு ஏம்மா வரணும்னு நெனைக்கிறீங்க?" என்று அடுத்ததைக் கேட்டான். அப்போதுதான் முதல் கேள்வி மொத்தமாகத் திரையில் வந்து விழுந்தது.

"எங்க அப்பா, அம்மா, தம்பி, நான், நாலு பேர் சார்" என்றாள் தமிழ்வாணி.

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முத்துமீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்துக்கு வந்து மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிவபாண்டிக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று. இதே போலத்தான் மூன்று கம்பெனியும் போயிற்று.

லேப்டாப்பை அணைத்துப் போட்டார்கள். அது மறுபடி எழுந்து வருவதற்குள் சிவபாண்டி டீ போட்டு ஆற்றிக் கொடுத்துவிட்டான். மறுபடியும் அதே கதை. தேவையில்லாத ஜன்னலையெல்லாம் மூடினாள். பெயிண்ட் பிரஷ்ஷால் காற்றுத் துவாரத்தின் தூசியைத் தட்டினாள். டேபிள் பேனைக் கொண்டுவந்து லேப்டாப்புக்கு நேராக வைத்தான் சிவபாண்டி. "கண்ணு பட்ருக்கும் மீனா, அம்புட்டுச் சனம் பாக்கச் சீரா வந்ததுல்ல" என்று உப்பும் மிளகாயும் தேடிப் போனவனை ஒரு முறை முறைத்தாள். பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்றால், முகூர்த்த நாள் என்று கடைக்காரர் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

தமிழ்வாணி லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "அக்கா, இது நடுங்குது" என்றாள். "ஒண்ணுமே செய்யாம சும்மா இருக்கும்போதும் நடுங்குது. உள்ள ஏதோ ஓடிட்டே இருக்கு."

முத்துமீனாவுக்குக் காதில் லேப்டாப்புக்குள் சுற்றும் பேனின் இரைச்சல் விழுந்து விழுந்து பழகிப்போயிருந்தது. அவளுக்குத் தோன்றாதது கேளாத பெண்ணின் கைக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தார்கள். எந்த வேலை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் என்ற இடத்தில் நூறு சதவீதம் என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. வீடியோ அழைப்பை மூடிப் பார்த்தார்கள். நூறு, தொண்ணூற்றைந்து ஆயிற்று, அவ்வளவுதான். வீடியோ காரணம் இல்லை. முத்துமீனாவின் டைப்பிங் மென்பொருளையும் மூடினார்கள். அசையவே இல்லை.

"அம்புட்டுக் காவல் இருந்தும் வைரஸ் பூந்துருச்சா?" என்றாள் முத்துமீனா.

தமிழ்வாணி பட்டியலை, அதிகம் இழுப்பது மேலே வரும்படி வரிசைப்படுத்தினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "வைரஸ் இல்லக்கா. காவல்தான்" என்றாள்.

மேலே மூன்று பெயர்கள். பச்சை, சிவப்பு, நீலம். மூன்றும் பிராசஸரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. சோதித்துப் பார்க்க, தமிழ்வாணி ஒரே ஒரு எழுத்தை டைப் செய்து சேமித்தாள். மூன்றும் ஒருசேரத் துள்ளி எழுந்தன. விஷயம் இதுதான்: ஒரு கோப்பைத் தொட்டால் பச்சை அதைத் திறந்து பார்க்கிறது. பச்சை எதையோ திறக்கிறதே என்று சிவப்பு சந்தேகப்படுகிறது. இந்த இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று நீலம் வேவு பார்க்கிறது. அதைப் பார்த்துப் பச்சை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரே வாசலில் மூன்று வாட்ச்மேன்கள் ஒருவன் சட்டைப்பையை ஒருவன் தடவிக்கொண்டு நின்றால் வீட்டுக்காரன் எப்போது உள்ளே போவது?

"ஏதாவது ஒண்ணு போதுங்க்கா. ரெண்டை எடுத்துரலாம்" என்றாள் தமிழ்வாணி. "எந்த ரெண்டு?"

முத்துமீனா மூன்று நிறத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்த இரண்டு? பச்சையை எடுத்தால், சீரோடு சீராக அண்ணன் தலையில் சுமந்து வந்தது. சிவப்பை எடுத்தால் தம்பி மூஞ்சியைத் தூக்கிக்கொள்வான். அப்பா இல்லாத வீட்டில் கடைசிப் பிள்ளை. நீலத்தை எடுத்தால் சிவபாண்டியின் அக்காள் ஆடித் தீர்த்துவிடுவாள். சிவபாண்டியும் மெதுவாக, "எங்க மச்சான் போட்டதை மட்டும் விட்டுரு மீனா. பொறகு எங்கக்கா கூட யாரு மல்லுக்கட்டுறது?" என்றான். முத்துமீனா கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் தமிழ்வாணி இஸ்திரி போட்ட துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு முத்துமீனாவால் உட்கார முடியவில்லை. போனை எடுத்தாள்.

அருண்பாண்டி எடுத்தபோது பின்னால் பட்டறை எந்திரம் அலறிக்கொண்டிருந்தது. அவள் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கவும் அவன், "யாருக்கு? அந்தக் காது கேக்காத புள்ளைக்கா வேலை?" என்றான்.

"ஆமாண்ணே."

"அட லூசு, இதுக்கா இம்புட்டு இழுக்குற? தூக்கி எறி ஆத்தா. நான் சீர் செஞ்சது ஒனக்கு, அந்தப் பொட்டிக்கா செஞ்சேன்? என்னோடதை எடுத்துட்டு மருது போட்டதை வச்சுக்க. சின்னப்பய, மொகம் வாடிப்போவான்."

மருதுவைக் கூப்பிட்டாள். கடையில் கூட்டம் போலிருக்கிறது, கிசுகிசுவென்று பேசினான். "அக்கா, அண்ணன் போட்டதுல கை வச்சிராதீங்க. அது சீர்ல வந்தது. என்னோடதை எடுத்துருங்க. நான் அன்னைக்கு ஏதோ வீம்புக்குத்தான் போட்டேன்."

பேச்சிமுத்துவைக் கூப்பிடும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அவர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். "தங்கச்சி, ஒடம்பொறந்தானுக ரெண்டு பேரு செஞ்சதுக்கு நடுவுல நான் எதுக்கு? என்னுதைத் தூக்கு மொதல்ல" என்றவர், கொஞ்சம் நிறுத்தி இழுத்தார். "ஆனா ஒண்ணு. யாரும் எடுத்துரக் கூடாதுன்னு அதுக்கு ஒரு பாஸ்வேர்டு வச்சுருக்கேன்."

"என்னண்ணே பாஸ்வேர்டு?"

"நம்ம பவதாரிணி பேருதான்" என்றார் வெட்கப்பட்டுக்கொண்டு.

போனை வைத்துவிட்டு முத்துமீனா தேம்பிவிட்டாள். ஒவ்வொருவனும் தன்னுடையதை எடு, அடுத்தவனுடையதை வை என்கிறான். இத்தனை நாள் இவர்கள் நிறத்துக்காகவா பயந்தேன், இப்படிப்பட்ட மனுஷர்களையா கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன் என்று தன்னையே நொந்துகொண்டாள். சிவபாண்டி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். அவனுக்கு ஜலதோஷமாம்.

என்ன ஆயிற்று என்று தமிழ்வாணிக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதடு தெரிய முத்துமீனா சொன்னாள்: "மூணு பேரும் அவங்கவுங்க போட்டதை எடுக்கச் சொல்றாங்கடி. எதை வைக்கிறது?"

"அப்ப மூணையும் எடுத்துருவோம்க்கா" என்றாள் தமிழ்வாணி. "கம்ப்யூட்டர்லயே ஒரு காவல் கூடவே வருது. இவங்க வந்ததுனால அது ஒதுங்கி ஒக்காந்துருக்கு. இவங்க போனா அது எந்திரிச்சுக்கும்."

ஒவ்வொன்றாக நீக்கினார்கள். பச்சை போவதற்கு ஏகப்பட்ட நேரம் எடுத்தது. சிவப்பு, எடுக்காதே எடுக்காதே என்று இரண்டு மூன்று தடவை கெஞ்சியது. நீலத்துக்குப் பவதாரிணியின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்யும்போது முத்துமீனாவின் கை ஒருமுறை தவறி, மறுமுறை சரியாயிற்று. கடைசியாக அணைத்துப் போட்டபோது, தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது பாருங்கள், மூன்று பேருக்கும் மூச்சே நின்றுபோயிற்று. பதினோரு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. சிவபாண்டி அழகர்மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.

லேப்டாப் எழுந்தது. சத்தமே இல்லை.

"என்ன, செத்துப்போச்சா?" என்றான் சிவபாண்டி.

தமிழ்வாணி அதன் மேல் கையை வைத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள், ஆறு சதவீதம். முத்துமீனா 'அ' என்று தட்டினாள். விரல் மேலே வருவதற்குள் எழுத்து திரையில் இருந்தது.

சரியாக நேரத்துக்கு மூன்று முகங்கள் திரையில் வந்தன. கணக்குப் பிரிவின் தலைவி ரோகிணி, கூட இரண்டு பேர். முத்துமீனா ஆரம்பித்தாள். அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: காதில் விழுவது எல்லாம் எழுத்தாக வேண்டும். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தீர்மானிக்க அவள் யார்? கேட்கிறவர்களுக்குக் கிடைப்பது அத்தனையும் கேளாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஒருவர் இருமினால் (இருமல்) என்று போட்டாள். இன்னொருவர் வீட்டில் குக்கர் கத்தியபோது (குக்கர் விசில்) என்று போட்டாள். தமிழ்வாணி அதைப் படித்துவிட்டுப் புன்னகை செய்தாள். அந்த மனுஷரும் சங்கடமாகச் சிரித்தார். அங்கேயே பாதி இறுக்கம் தளர்ந்துவிட்டது.

வரிவிதிப்புக் கணக்கு ஒன்றைத் திரையில் போட்டார்கள். தமிழ்வாணி மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள், "மூணாவது வரியில கழிச்சதையே கடைசியில மறுபடியும் கழிச்சிருக்கீங்க சார்" என்றாள். அப்புறம் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியை ரோகிணியும் கேட்டார்: "ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நிறைய போன் வரும். நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?"

கேள்வி அவர் வாயில் முடியும்போதே திரையிலும் முடிந்திருந்தது. தமிழ்வாணி தயங்கவில்லை. "எழுதி அனுப்பச் சொல்லுவேன் மேடம். போன்ல சொல்லிட்டு அப்புறம் யாராச்சும் 'நான் அப்படிச் சொல்லலியே'ம்பாங்க. எழுத்துல இருந்தா அப்படிச் சொல்ல முடியாதுல்ல?"

மூன்று பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். (சிரிப்பு) என்று டைப் செய்தாள் முத்துமீனா. அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நல்லவேளை, அதை டைப் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாம் முடிந்தது. மற்ற இருவரும் வணக்கம் சொல்லிவிட்டு மறைந்தார்கள். ரோகிணி மட்டும் இருந்தார். "டைப் பண்ற மேடம், ஒரு நிமிஷம். இது உங்களுக்கு மட்டும்" என்றார். "இதை டைப் பண்ண வேண்டாம். ஆர்டர் அடுத்த வாரம் முறைப்படி வரும், அதுவரைக்கும் அவங்களுக்குத் தெரிய வேண்டாம். தமிழ்வாணியை நாங்க எடுத்துக்கிட்டோம். முதல் மாசம் மீட்டிங்குக்கெல்லாம் நீங்க கூட இருந்து டைப் பண்ணுவீங்களான்னு கேக்கத்தான்..."

அவருக்கு மறந்துதான் போயிற்று. எதிரில் இருப்பவளுடைய காது அந்த விரல்கள்தான் என்பது நினைவில்லை. முத்துமீனாவின் விரலோ, டைப் பண்ண வேண்டாம் என்பதையும் சேர்த்து டைப் செய்துகொண்டிருந்தது. காலையில் இருந்த லேப்டாப்பாக இருந்தால் அத்தனையையும் விழுங்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கும்; அழித்துவிடலாம், ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிடலாம். இப்போது அதற்கு வழியே இல்லை. ரோகிணி சொல்லச் சொல்ல, எழுத்து எழுத்தாக, எடுத்துக்கிட்டோம் என்பது திரையில் வந்து நின்றது.

தமிழ்வாணி அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு கேமராவைப் பார்த்து, "மேடம்... அக்கா எழுதிட்டாங்க" என்றாள்.

ரோகிணி வாயில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என்னென்னவோ சொன்னார். வாழ்த்துக்கள் என்றார், சந்தோஷம் என்றார், மீட்டிங்குக்கு வருவீங்கதானே மேடம் என்று மறுபடியும் கேட்டார். தமிழ்வாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் வரவில்லை. இந்தத் தடவை லேப்டாப்பின் மேல் குற்றமில்லை. முத்துமீனாவின் இரண்டு கைகளும் ரோகிணியைப் பார்த்துக் கும்பிட்டபடி இருந்தன.